பழவேற்காட்டு மணலுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு பித்தளைப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 தங்கக் காசுகள், எடை 1.716 கிலோ. ஏறக்குறைய ஏழடி ஆழத்தில் புதைந்திருந்ததாகச் செய்தி வந்தது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குக் குழி வெட்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. இரண்டு இடத்திலும் வேறு வேலைக்காக மண்ணைத் தோண்டியவர்களுக்குத்தான் இவை அகப்பட்டன. தேடிப் போனவர் யாருமில்லை.

இப்படியொரு செய்தி வந்த வாரத்தில் மெட்டல் டிடெக்டர் வாங்கும் ஆசை பலருக்கும் வருகிறது. அவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு இது: புதிதாகத் தொடங்குபவர் வாங்கும் கருவி, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பொருளைச் சாதாரண மண்ணில் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரை காட்டும். அதாவது ஒரு சாண், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். பெரிய பாத்திரம் என்றால் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் உணரலாம். ஏழடி என்பது அதன் எல்லைக்கு வெகு அப்பால். ஆகவே எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்னால், எந்த மண்ணில், எதைத் தேட, யாருடைய அனுமதியோடு என்ற மூன்று கேள்விகள் நிற்கின்றன. பொன்னேரி வட்டாரத்தில், குறிப்பாகப் பழவேற்காட்டு ஏரிக் கரையிலும் கடற்கரையிலும், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

பழவேற்காடு ஆசையைத் தூண்டும் ஊர். விஜயநகர ஆட்சியில் துறைமுகமாக இருந்தது, போர்த்துக்கீசியர் வந்தார்கள், பின் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கடற்கரை வணிகத்தின் தலைமையிடமாக அதை வைத்திருந்தார்கள். துணி ஏற்றுமதி, வெடிமருந்து ஆலை, நாணயச்சாலை எல்லாம் இங்கே நடந்தன. டச்சுக் கம்பெனியின் முத்திரையெழுத்துகள் பொறித்த செப்புக்காசுகள் இங்கேயே அடிக்கப்பட்டன. தங்க வராகனும் அடித்தார்கள். 1806-இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தார்கள். 1825-இல் ஊர் முற்றிலும் அவர்கள் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியின் தடமும் மிச்சம். அதனருகே, எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் வாயிலோடு டச்சுக் கல்லறை இருக்கிறது.

அங்கே கருவியோடு போகக் கூடாது. இதைத் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் வந்த திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கின்றன. அந்த எல்லைகள் முதன்மையாகக் கட்டடத்துக்கும் சுரங்கத்துக்கும் போட்டவை என்று வாதம் செய்வோர் உண்டு. என் கருத்தில் அந்த முந்நூறு மீட்டருக்குள் டிடெக்டரைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. கோட்டை மேட்டுக்கும் அதே விதிதான். ஒரு செப்புக்காசு எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர் அந்த அடுக்கின் காலத்தைச் சொல்ல முடியும். பிடுங்கி எடுத்த காசுக்குச் சந்தையில் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். பழவேற்காட்டின் வரலாற்றுக்கு அது இனிப் பயன்படாது.

மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பற்றி 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு என்ன, எங்கே, எந்த நாளில் கிடைத்தது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்து ரூபாய் என்பது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அளவுகோல். இன்றைக்கு ஏறத்தாழ எல்லாமே அதைத் தாண்டிவிடும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய நாணயமோ சிற்பமோ தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நேற்று ஒருவர் தொலைத்த மோதிரம் புதையலும் ஆகாது, எடுத்தவர் சொத்தும் ஆகாது. உரியவரைத் தேடாமல் நேர்மையின்றி வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு பாயும்.

அப்படியானால் புதிதாகத் தொடங்குபவருக்கு என்ன மிஞ்சுகிறது? கடற்கரை மணல் மிஞ்சுகிறது, அதில் இன்றைய மனிதர்கள் தொலைத்தவை மிஞ்சுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் காணும் பொங்கலன்றும் சென்னையிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் பழவேற்காடு பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் கூட்டம் வருகிறது. கொலுசுத் திருகு, மெட்டி, தோட்டின் சுரை, தாலிக் குண்டு, வண்டிச் சாவி என்று ஒவ்வொரு கூட்டமும் ஏதாவது விட்டுப் போகிறது. உள்ளூர் மீனவக் குடும்பங்களிலும் கரையில் வலை இழுக்கும்போது, மீன் ஏலத்தின் தள்ளுமுள்ளில், நகை தொலைவது உண்டு. வாங்கிய கடன் இன்னும் அடையாத நகை தொலைந்த வீட்டில் அன்று அடுப்பெரியாது. டிடெக்டர் வைத்திருப்பவர் இந்தக் கரையில் செய்யக்கூடிய சிறந்த காரியம் அதைத் தேடிக் கொடுப்பது. கருவியைத் தேர்ந்தெடுப்பதையும் அந்த நோக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இனிக் கருவிக்கு வருவோம். தட்டு போலிருக்கும் காயிலில் மாறுமின்னோட்டம் ஓடி ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் காயிலில் உள்ள இன்னொரு சுருள் பிடித்து ஒலியாக மாற்றுகிறது. அடிப்படை இவ்வளவுதான். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்த கருவியும், இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவியும் இதே வழியில் வந்தவை.

பழவேற்காட்டில் சிக்கல் உப்பில் இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணலின் மேல் காயிலை ஆட்டினால் கருவிக்கு அந்த மணல் முழுவதுமே பரந்து விரிந்த மெல்லிய உலோகம் போலத் தோன்றுகிறது, இடைவிடாமல் கத்தும். கிழக்குக் கடற்கரையில் அலை அடுக்கிவைக்கும் கருமணலில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதும் கலந்திருப்பதால் அது தனியாக ஒரு குழப்பத்தைச் சேர்க்கும். ஒரே அலைவெண்ணில் வேலை செய்யும் கருவியால் கருமணலைச் சமன்செய்ய முடியும், அல்லது உப்பைச் சமன்செய்ய முடியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அதற்குப் பெரும்பாடு. உணர்திறனைக் குறைத்துக் குறைத்துக் கத்தலை அடக்கினால் ஆழமும் போய்விடும். வயல்வெளியில் நல்ல பெயர் வாங்கிய கருவி பழவேற்காட்டு ஈர மணலில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டுப் புல்வெளியில் எடுத்த காணொளிகளைப் பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பல அலைவெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி. வெவ்வேறு அலைவெண்களுக்கு உப்பும் தாதும் உலோகமும் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும்; அவற்றை ஒப்பிட்டு உப்பையும் தாதையும் கழித்துவிடலாம். மற்றொன்று துடிப்பு முறைக் கருவி. அது சட்டென்று ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, சுழல் மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று பார்க்கும். உப்புநீரின் பதில் மிக வேகமாகத் தேய்ந்துவிடுவதால் சில மைக்ரோ விநாடிகள் பொறுத்துக் கேட்டால் உலோகத்தின் பதில் மட்டும் நிற்கும். ஈர மணலில் ஆழத்துக்கு இதை மிஞ்ச முடியாது. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்ல அதற்குச் சரிவரத் தெரியாது. தூண்டில் முள், ஆணி, கம்பித்துண்டு என்று எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். மீனவக் குப்பத்துக் கரையில் புதியவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் மனம் விட்டுவிடுவார்.

ஆக, இந்தக் கரைக்கு முதல் கருவியாக என் பரிந்துரை, பல அலைவெண் கொண்ட, காயிலாவது நீர் புகாத ஒன்று. மைன்லேப் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த வான்குவிஷ் வரிசை இதில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. அதன் 340 என்ற அடிப்படை மாடலே பல அலைவெண்ணில் இயங்குகிறது. அறிமுகமானபோது அமெரிக்காவில் 200 டாலரை ஒட்டி விற்ற அது, இங்கே இறக்குமதி வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து கையில் வரும்போது கூடுதலாகத்தான் இருக்கும். காயில் ஒரு மீட்டர் நீர் வரை தாங்கும். மேலே உள்ள பெட்டி தாங்காது. ஓர் அலை தப்பித் தெறித்தால் கருவி போச்சு. அதனால் முழங்காலளவு நீரில்கூட இறங்கக் கூடாது. பெட்டியும் நனையலாம் என்று வேண்டுவோருக்குத் துருக்கியின் நோக்டா 2022-இல் விட்ட லெஜண்ட் இருக்கிறது, விலை ஏறும்.

ஈர மணலுக்கே போகப் போவதில்லை, குடும்பங்கள் உட்கார்ந்து எழும் மேல்மணலில் மட்டும்தான் தேடுவேன் என்பவருக்கு ஓர் அலைவெண் கருவியே போதும். 2019-இல் வந்த நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோ ஹெர்ட்சில் வேலை செய்யும், மூன்று மீட்டர் நீர் தாங்கும். மழைக்காலத்தில் பொன்னேரிப் பக்கம் இது பெரிய ஆறுதல். கேரெட் ஏஸ் 200 பழகுவதற்கு எளிமையானது, 6.5 கிலோ ஹெர்ட்ஸ். கடல்நீர் தொட்ட மணலில் மட்டும் அதை நம்ப வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இணையக் கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத கருவிகள், எம்.டி. என்று தொடங்கும் எண்களோடு வருபவை, வீட்டுத் தோட்டத்தில் ஆணி தேட உதவும். உப்பு மணலுக்கு அவற்றை வாங்குவது வீண்செலவு. பழைய நல்ல கருவியை ஒருவரிடமிருந்து வாங்குவது அதைவிட மேல். ஆனால் கரைக்கே எடுத்துப்போய், ஈர மணலில் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

திரையில் வரும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். கையேட்டில் உள்ள பட்டியல் அமெரிக்க நாணயங்களுக்குப் போட்டது. நம் இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தம் இழுக்கும் எஃகு. இரும்பை ஒதுக்கச் சொல்லி அமைத்தால் கருவி இவற்றைக் கண்டு குழம்பும். பழைய ஐந்து, பத்து பைசா பெரும்பாலும் அலுமினியம். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பெரும்பகுதி வெள்ளி. எண் உச்சத்தில் நிற்கும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்றை வீட்டுத் தரையில் வைத்து, நீங்களே ஒரு பட்டியல் எழுதிக்கொள்வதுதான் வழி. மோதிரத்தையும், மெட்டியையும், தோட்டையும் அதே பட்டியலில் சேருங்கள்.

தங்கம் பற்றிய உண்மை பலருக்கும் கசக்கும். சின்னத் தங்க நகை கொடுக்கும் எண்ணும், பான்மசாலா உறையின் மெல்லிய தகடும், குளிர்பான டின்னின் வளையமும் ஒரே எல்லைக்குள் வரும். குப்பையை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும். தங்கம் வேண்டுமென்றால் தகடும் தோண்டித்தான் ஆக வேண்டும். சங்கிலி இன்னும் மோசம். கருவி அதை ஒரே பொருளாகப் பார்க்காது. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் உணரும். கனமான சங்கிலிகூட அதன் கொக்கி அளவுக்கே சத்தம் எழுப்பும். முழு வளையமான மோதிரம் நன்றாகக் கேட்கும். அறுந்த மோதிரம் அவ்வளவு கேட்காது. மீன்பிடிக் கரையில் இதற்கெல்லாம் மேல் ஈயக்குண்டு இருக்கிறது. வலையிலிருந்து உதிர்ந்த ஈயம் எங்கும் கிடக்கும், எண்ணும் நகைக்குப் பக்கத்திலேயே வரும். அதைச் சேர்த்து வலைக்காரருக்கே கொடுத்துவிடலாம். உருக்கி மீண்டும் பயன்படுத்துவார்கள்.

பல லட்சம் ரூபாய் சொல்லி விற்கப்படும் தொலைதூரத் தங்கங்காட்டிகள், கையில் ஆடும் குச்சிகள், முப்பரிமாணப் படம் காட்டுவதாகச் சொல்லும் பெட்டிகள் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும்: வாங்காதீர்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை வெடிகுண்டு காட்டும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்கே விற்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013-இல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஓர் அரசையே ஏமாற்ற முடிந்த இடத்தில் தனிமனிதர் எம்மாத்திரம்? தமிழ்நாட்டில் கலசத்து இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு, புதையல் பூஜை என்று சொல்லி வீடுகளை அழித்த கும்பல்களும் இதே ஆசையைத்தான் குறிவைக்கின்றன.

கருவியோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மணலை அள்ளிச் சலிக்கும் துளைக் கரண்டி, குழிக்குள் இடத்தைக் குறிக்கும் சிறு பின்பாயிண்டர், ஹெட்போன். கரையில் காற்றும் அலையும் இருக்கும்போது ஹெட்போன் இல்லாமல் மெல்லிய ஒலி காதில் விழாது. வீடு வந்ததும் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு ஒரு பருவத்துக்குள் தன் வேலையைக் காட்டிவிடும்.

தேடும் கை மெதுவாகவும் தாழ்வாகவும் போக வேண்டும். ஏரியில் நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரல்கள் சேற்றை விட்டு எழும்பாதது போல, காயிலும் மணலை விட்டு எழும்பக் கூடாது. ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். இதை முறையாகக் கற்றுத் தொழிலாகவே செய்யும் தமிழர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். இலங்கையில் 2002 முதல் பணியாற்றும் ஹாலோ அறக்கட்டளை போன்ற அமைப்புகளில், போரில் கணவரை இழந்த பெண்கள் பலர் டிடெக்டரோடு கண்ணிவெடி அகற்றுகிறார்கள். அந்த வெடிகளில் உலோகம் சிறிதளவே இருக்கும். அதனால் எந்த ஒலியையும் குப்பை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வோர் ஒலியையும் குறியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை விலக்கிப் பார்த்த பிறகே அடுத்த அடி. பொழுதுபோக்குக்காகத் தேடுபவர் அவர்களிடம் கற்க வேண்டிய ஒழுங்கு அது.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், புயலுக்குப் பின், அலை மேல்மணலை வாரிக்கொண்டு போய்க் கரையில் வெட்டு விழும்போது கனமான பொருள்கள் மேலே தெரியும். 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பின் ஆந்திரத்தின் உப்பாடா கரையில் ஊர்மக்கள் மணலை அலசித் தங்கத் துணுக்குகள் எடுத்தது இப்படித்தான். ஆனால் ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். அந்த மாதங்களில் மேல்மணலைத் தோண்டுவது பெருந்தவறு. தொலைந்த நகைக்காகத் தேடினாலும் பகலில், ஆமைக்கூடு இல்லை என்று உள்ளூரார் காட்டும் இடத்தில் மட்டும். ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். அங்கே வனத்துறை அனுமதியின்றி வேலையில்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால் கரையில் கருவியோடு திரிபவரைக் காவல் துறை விசாரிப்பதும் இயல்பே. முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஊரைக் கேட்க வேண்டும். ஏரியில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு என்ற முறையில் தலைமுறைகளாகப் பங்கிட்டு வாழும் மக்கள் இவர்கள். ஓர் அங்குல நீருக்கும் முறை வைத்திருக்கும் ஊரில் கரை யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து இறங்குவது அவமரியாதை. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, என்ன தேடுகிறோம், கிடைத்தால் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள். யார் வீட்டில் எது தொலைந்தது என்ற தகவலும் அவர்களிடமே கிடைக்கும். எந்தக் கருவியும் அதைத் தராது.

தேடும்போது தற்செயலாகப் பழைய காசு அகப்பட்டால்? அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சையோடு எழுத்தும் போய்விடும். இருந்த இடத்தைப் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, மேலும் தோண்டாமல் நிறுத்தி, பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லி, திருவள்ளூர் ஆட்சியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1996-இல் புதையல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டே கண்டெடுத்தவர்கள் தாமாக வந்து பதிவு செய்யும் திட்டமும் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. பழவேற்காட்டில் காசடித்த டச்சுக்காரர்களின் நாட்டில் 2016 முதல் மேல் 30 சென்டிமீட்டர் வரை டிடெக்டரோடு தேட அனுமதி உண்டு, கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையோடு. இங்கே தோண்ட அனுமதி கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சிலைத் திருட்டைக் கண்ட தமிழ்நாட்டுக்கு அது இப்போது ஏற்றதில்லை. ஆனால் கரையில் வலையோடும் அலையோடும் தானாக வந்து சேரும் பொருளைப் பதிவு செய்ய மாநிலத் தொல்லியல் துறை பழவேற்காட்டிலேயே ஒரு பதிவேடு வைக்கலாம். கண்ட நாள், இடம், ஆழம், கண்டவர் பெயர், ஒரு படம் இருந்தால் போதும். வலையில் சிக்கிய பழங்காசை எங்கே காட்டுவது என்று தெரியாமல் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் மீனவருக்கு அது ஒரு வாசலாக இருக்கும்.